ஒரு கேள்வி தந்த ரேடியம்!

டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யும் மாணவர் ஒருவரிடம், "எதைப் பற்றி ஆராய்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே பதில் வரும். "கிராமப் பொருளாதாரம்" என்பார் ஒருவர். "உலோகங்கள்" என்பார் மற்றொருவர். "சரி, அதில் உங்கள் கேள்வி என்ன?" என்று அடுத்தபடி கேளுங்கள். பலர் தலையைச் சொறிவார்கள்.

பொருள் வேறு, கேள்வி வேறு. பொருள் பெரிய காடு. கேள்வி அதற்குள் போகும் ஒற்றையடிப் பாதை. காட்டைக் காட்ட யாராலும் முடியும். பாதையைக் கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது பாடு.

அந்தப் பாட்டைப் பட்டு வென்றவர் மேரி க்யூரி அம்மையார். அவர் ரேடியம் கண்டுபிடித்த கதையைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் சொல்வார்கள். ஆனால் அந்த ரேடியம், டாக்டர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சியில் பிறந்தது என்பதை எத்தனை பேர் அறிவார்கள்?

யாரும் சீண்டாத கிரணம்

போலந்து நாட்டு வார்ஸா நகரில் 1867-ல் பிறந்த மேரி, படிப்புக்காகவே 1891-ல் பாரிஸ் வந்து சேர்ந்தார். 1893-ல் பௌதிகப் பரீட்சையில் முதலாவதாகத் தேறினார். 1895-ல் பியேர் க்யூரி என்ற விஞ்ஞானியை மணந்தார். 1897 செப்டம்பரில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. கைக்குழந்தையும் வீட்டு வேலையுமாக இருந்த அந்த முப்பது வயதில்தான் டாக்டர் பட்டத்துக்குப் பொருள் தேடினார்.

அப்போது எங்கு பார்த்தாலும் எக்ஸ் கிரணத்தைப் பற்றித்தான் பேச்சு. ரான்ட்ஜன் 1895-ல் அதைக் கண்டுபிடித்திருந்தார். மறு வருஷமே பெக்கரல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, யுரேனிய உப்பும் ஒருவகைக் கிரணத்தைத் தானாகவே வீசுகிறது என்று காட்டினார். கறுப்புக் காகிதத்தில் பொதிந்த போட்டோத் தகட்டிலும் அது தடம் பதித்தது. ஆனால் எக்ஸ் கிரண மோகத்தில் இதைச் சீந்துவார் அதிகம் இல்லை. மேரி இதையே எடுத்துக்கொண்டார். புதுத் துறை, முன்னே எழுதியவர்கள் சிலரே. ஆகையால் நேராகச் சோதனையில் இறங்கலாம்.

'ஏன்?' அல்ல, 'எவ்வளவு?'

இந்தக் கிரணத்துக்குச் சக்தி எங்கிருந்து வருகிறது? யாருக்கும் முதலில் தோன்றும் கேள்வி இதுதான். ஆனால் அன்றைக்கு அதற்கு விடை காணக் கருவியும் இல்லை, வழியும் இல்லை. மேரி அதைச் சற்று ஒதுக்கி வைத்தார். தம்மால் விடை காணக் கூடிய சிறு கேள்வி ஒன்றைக் கேட்டார்: இந்தக் கிரணத்தின் வலிமை எவ்வளவு?

இந்தக் கிரணம் பட்டால் காற்றில் மின்சாரம் ஓடும் என்று பெக்கரல் சொல்லியிருந்தார். அந்த மின்சாரத்தை அளந்தால் கிரணத்தை அளந்தது போலத்தானே! அணுவளவு மின்சாரத்தையும் காட்டும் கருவி வீட்டிலேயே இருந்தது. பியேரும் அவர் அண்ணன் ஜாக்கும் 1880-ல் படிகக் கல்லில் கண்டுபிடித்த தத்துவத்தை வைத்துச் செய்த கருவி அது. 8 சென்டிமீட்டர் அகலமுள்ள இரண்டு வட்டத் தட்டுகள். நடுவே 3 சென்டிமீட்டர் இடைவெளி. கீழ்த் தட்டில் பொடியைத் தூவி, இரண்டு தட்டுக்கும் இடையே ஓடும் மின்சாரத்தை அளந்தார்.

இடம்? பியேர் வேலை பார்த்த கல்லூரியில் தட்டுமுட்டுச் சாமான் கிடந்த ஓர் அறை. 1898 பிப்ரவரியில் ஒரு நாள் அறையின் உஷ்ணம் 6.25 டிகிரிதான் என்று நோட்டுப் புத்தகத்தில் ஆச்சரியக் குறிகளோடு எழுதி வைத்தார்!

விடை தெளிவாக வந்தது. யுரேனியம் எந்த உப்பாக இருந்தாலும், ஈரமோ உலர்ந்ததோ, அதிலுள்ள யுரேனியத்தின் அளவுதான் கணக்கு. அப்படியானால் கிரணம் யுரேனிய அணுவிலிருந்தே புறப்பட வேண்டும்.

யுரேனியத்துக்கு மட்டுமா?

முதல் விடை அடுத்த கேள்வியைப் பெற்றது. அணுவின் குணம் என்றால், அது யுரேனியத்துக்கு மட்டும்தானா? தெரிந்தவர்களிடமெல்லாம் மாதிரிகள் கேட்டு வாங்கினார். பாரிஸ் இயற்கைப் பொருட்காட்சிசாலையிலிருந்து கனிகள் வந்தன. ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்தார். தோரியமும் கிரணம் வீசியது! ஆனால் ஜெர்மனியில் ஷ்மிட் என்பவர் இதையே கண்டு சில வாரம் முந்திவிட்டார்.

வேறொருவராக இருந்தால் மனம் உடைந்திருப்பார். மேரியின் கேள்வியோ தோரியத்தோடு முடிவதல்ல. கனிகளை அளந்துகொண்டே போனார். கனியில் யுரேனியத்தோடு மண்ணும் கல்லும் கலந்திருக்கும். ஆகவே அதன் வலிமை சுத்த யுரேனியத்தைவிடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் கருவி என்ன சொல்லிற்று? ஒரு ஆம்பியரில் லட்சம் கோடியில் ஒரு பங்கை ஒன்று என்று வைத்துக்கொண்டால், யுரேனியம் 24. சால்கோலைட் என்ற கனி 52. பிட்ச்பிளெண்ட் என்ற கனி 83!

பிழையா, புதுமையா?

கணக்குக்கு ஒவ்வாத எண் வந்தால், கருவி மேல் பழி போட்டுவிட்டு நகர்வது மனித சுபாவம். மேரி திரும்பத் திரும்ப அளந்தார். எண் மாறவில்லை. அப்போதுதான் அருமையான யுக்தி ஒன்று செய்தார். சுத்தமான சரக்குகளைக் கொண்டு சோதனைச் சாலையிலேயே சால்கோலைட்டைத் தயாரித்து அளந்தார். காட்டியது வெறும் 9!

இரண்டும் ஒரே பொருள். பூமியில் விளைந்தது 52, கையால் செய்தது 9. அப்படியானால் பூமியில் விளைந்ததற்குள் யாரும் அறியாத மூலகம் ஒன்று ஒளிந்திருக்கிறது. அது எது? இதுதான் மூன்றாவது கேள்வி.

1898 ஏப்ரல் 12-ம் தேதி இந்த முடிவு விஞ்ஞான அகாடமியில் வெளியாயிற்று. மேரி அங்கே அங்கத்தினர் அல்ல; அவருடைய ஆசிரியர் லிப்மன்தான் அவர் சார்பில் சமர்ப்பித்தார். பியேர் தம் படிக ஆராய்ச்சியை ஒதுக்கிவிட்டு மனைவியோடு சேர்ந்தார். ஜூலையில் பொலோனியம், டிசம்பரில் ரேடியம்!

"கண்ணால் காட்டுங்கள்" என்றார்கள் ரசாயனிகள். பொஹீமியாவின் சுரங்கக் கழிவை டன் கணக்கில் வரவழைத்துக் காய்ச்சினார். 1902-ல் கிடைத்தது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடிய உப்பு. 1903 ஜூன் 25-ம் தேதி ஸார்போனில் மூன்று பேராசிரியர் முன் நின்று டாக்டர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் நோபல் பரிசும் வந்தது.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை

ஆராய்ச்சிக்குக் கேள்வி தேடுகிறவர்கள் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மேரி தொடங்கும்போது ரேடியத்தைத் தேடவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. கையிலுள்ள கருவியால் விடை காணக் கூடிய கேள்வியைக் கேட்டார். கிடைத்த விடையிலிருந்து அடுத்ததைக் கேட்டார். ஒவ்வாத எண்ணை மறைக்காமல் அதையே கேள்வியாக்கினார்.

அவர் ஒதுக்கி வைத்த பெரிய கேள்வி என்ன ஆயிற்று? இந்தக் கிரணம் வீசும்போது அணுவே வேறு அணுவாக மாறுகிறது என்று ரதர்போர்டும் சாடியும் 1902-ல் எடுத்துச் சொன்னார்கள். சக்தியின் இருப்பிடம் அணுவுக்குள்தான் என்பது மெல்ல மெல்ல வெளிச்சமாயிற்று. சிறு கேள்விகளுக்கு ஒழுங்காக விடை கண்ட பிறகுதான் பெரிய கேள்வியின் கதவு திறந்தது.