கறுவாப்பட்டை எண்ணெயில் கலப்படத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

இலங்கைக் கறுவா மரம் ஒன்றே மூன்று வகை எண்ணெய் தருகிறது. பட்டையில் வடித்தால் சின்னமால்டிஹைடு, வழக்கமாகப் பாதிக்கு மேல். இலையில் வடித்தால் யூஜினால், பெரும்பாலும் 70 சதவீதத்துக்கு மேல். கிராம்புக்கு மணம் தருவதும் அதுதான். வேர்ப்பட்டையிலோ கற்பூரம். பட்டை எண்ணெய் விலை உயர்ந்தது, இலை எண்ணெய் மலிவானது. கலப்படம் செய்ய அந்த விலை வித்தியாசமே போதும்.

சின்னமால்டிஹைடு எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். இலை எண்ணெயைக் கலந்துவிட்டு, குறைந்த சின்னமால்டிஹைடுக்கு ஈடாக ஆலையில் தயாரித்ததை ஊற்றினால் அந்த எண் சரியாகவே வரும். ஆனால் எண்ணெயில் லினலூல், சின்னமைல் அசிட்டேட், கேரியோஃபிலீன், பென்சைல் பென்சோயேட் என்று இன்னும் பல பொருள்கள் இருக்கின்றன. அசல் எண்ணெயில் இவற்றுக்கிடையே ஓர் ஒழுங்கு உண்டு. ஓர் எண்ணைப் போலி செய்யலாம். எல்லா எண்களுக்கும் இடையிலான உறவைப் போலி செய்வது கடினம். பல அளவுகளை ஒருசேரப் பார்க்கும் பன்மாறிப் புள்ளியியல் பிடிப்பது அந்த உறவைத்தான்.

வாயு குரோமட்டோகிராஃபி கருவி ஒவ்வொரு பொருளின் அளவையும் தருகிறது. மாதிரிக்கு ஒரு வரிசை, பொருளுக்கு ஒரு பத்தி என்று பெரிய அட்டவணை உருவாகும். அதைக் கண்ணால் ஒப்பிட முடியாது. 1901இல் கார்ல் பியர்சன் அடித்தளமிட்ட முதன்மைக் கூறு பகுப்பாய்வு, மாதிரிகள் எந்தத் திசையில் அதிகம் வேறுபடுகின்றன என்று கண்டு, அவற்றை இரண்டு அச்சுகளில் புள்ளிகளாக வைக்கிறது. பட்டை எண்ணெய்கள் ஒருபுறம் கூடும், இலை எண்ணெய்கள் மறுபுறம். இந்த முறையின் அழகு இனிமேல்தான்: இரண்டையும் கலந்த மாதிரி, இரு கூட்டங்களுக்கும் இடையிலான கோட்டை ஒட்டி விழும். எந்தப் பக்கம் நெருங்கியிருக்கிறது என்பதை வைத்துக் கலப்பின் அளவையும் ஏறத்தாழ ஊகிக்கலாம். கறுவாவின் உறவு மரமான கேசியாவின் எண்ணெய், அதிலுள்ள கூமரின் என்ற பொருளால், வேறொரு திசையில் விலகும்.

கணக்கிடுவோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. எண்களை ஒரே அளவுக்குக் கொண்டுவராவிட்டால் சின்னமால்டிஹைடு ஒன்றே படத்தை ஆளும். சதவீதங்களின் கூட்டுத்தொகை எப்போதும் 100 என்பதால், ஒன்று கூடினாலே மற்றவை குறைந்ததுபோல் தோன்றும். இதற்காகவே விகிதங்களின் மடக்கையைப் பயன்படுத்தும் வழியை 1980களில் ஜான் எய்ச்சிசன் வகுத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒப்பிடுவதற்கு நம்பகமான அசல் மாதிரிகள் வேண்டும்.

தூய செயற்கைச் சின்னமால்டிஹைடைக் கொஞ்சமாகச் சேர்த்திருந்தால் இந்தப் படம் ஏமாறக்கூடும். அங்கே கார்பன்-14 சோதனை உதவும்: பெட்ரோலியத்திலிருந்து வந்த மூலக்கூறில் அது இருக்காது.