செப்டம்பர் 29ஐ யார் கொண்டாடுவது?

ஆகஸ்ட் 22 வந்தால் சென்னையில் ஒரு வாரம் அமர்க்களப்படும். ஜார்ஜ் டவுனில் நடைப் பயணம், பழைய புகைப்படக் கண்காட்சி, பள்ளிப் பிள்ளைகளுக்கு வினாடி வினா, டிராம் வண்டிப் படம் போட்ட பனியன். செப்டம்பர் 29ஐ யாரும் சீண்டுவதில்லை. மாநகராட்சி வருவாய்த் துறையில் சொத்து வரி வசூலித்து ஓய்வு பெற்றவன் நான். எங்களுக்கு அந்தத் தேதி நன்றாக நினைவிருக்கும், வேறொரு காரணத்துக்காக. மறுநாள் அரையாண்டு முடிகிறது. பாக்கிப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு படி படியாக ஏறி இறங்கும் வாரம் அது. அதே செப்டம்பர் 29இல்தான், 1688ஆம் ஆண்டு, எங்கள் மாநகராட்சி பிறந்தது. அது பிறந்ததற்குக் காரணமும் வரிதான்.

ஆகஸ்ட் 22ஐ நான் குறைத்துச் சொல்லவில்லை. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஃபிரான்சிஸ் டே, தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து கடலோரத்து மணல் துண்டு ஒன்றில் கோட்டை கட்டிக்கொள்ளவும் வியாபாரம் செய்யவும் உரிமை எழுதி வாங்கினார். பத்திரத்தின் பிரதிகளில் ஜூலை 22 என்று இருக்கிறது. அந்தத் தேதியில் டே இங்கே வந்தே சேரவில்லை என்பதால், ஆகஸ்டாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் முடிவுகட்டினார்கள். இப்படி ஒரு பத்திரத்தைச் சார்பதிவாளர் முன் நீட்டினால் தூக்கி எறிந்துவிடுவார். கோட்டையை நாயக்கர் தம் செலவிலேயே கட்டித் தருவார் என்றும் டே நம்பினார். அது நடக்கவில்லை, 1640 பிப்ரவரியில் கம்பெனி அதிகாரி ஆண்ட்ரூ கோகனோடு வந்து இறங்கி, கம்பெனிப் பணத்தில்தான் கட்ட வேண்டியிருந்தது.

மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் அதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஊராக இருந்தவை. பார்த்தசாரதி கோயிலில் பல்லவர் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. திருவல்லிக்கேணி கம்பெனியின் கைக்கு வந்தது 1676இல்தான். எனவே 1639இல் ஒரு நகரம் பிறந்தது என்பதை மயிலாப்பூர்க்காரர் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனாலும் எஸ். முத்தையா, சசி நாயர், வின்சென்ட் டிசோசா மூவரும் 2004இல் மெட்ராஸ் தினத்தைத் தொடங்கிவைத்த பிறகு, தன் ஊரைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் இங்கே பலருக்கு வந்தது. அதற்கு ஒரு நாள் வேண்டும், அந்த நாள் இருந்துவிட்டுப் போகட்டும்.

என் மனக்குறை வேறு. ஆகஸ்ட் 22 ஒரு நிலப் பேரம். அதில் நாயக்கர் இருக்கிறார், கம்பெனி இருக்கிறது. ஊரில் குடியிருந்தவர்கள் இல்லை. அவர்கள் ஆவணங்களில் தலைகாட்டுவது வரி கேட்கப்பட்டபோதுதான்.

1678இல் ஆளுநராக வந்த ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் ஒழுங்கு பிடித்த ஆள். தெருக் குப்பை அள்ள ஒரு அதிகாரியை நியமித்து, அந்தச் செலவுக்கு வீட்டு வரி போட்டார். நான் தொழில் முறையில் வணங்க வேண்டிய முன்னோடி. அடுத்து வந்த வில்லியம் கிஃபர்டு காலத்தில் லண்டன் இயக்குநர்கள் இன்னொன்று கேட்டார்கள். கோட்டைக்கு வடக்கே இந்தியர்கள் வாழ்ந்த பிளாக் டவுனைச் சுற்றி மதில் எழுப்ப வேண்டும். மதில் காப்பது குடியிருப்பவர்களைத்தானே, அந்தச் செலவை அவர்களே தரட்டும் என்றார்கள். 1686இல் வரி விதிக்கப்பட்டதும் சாதித் தலைவர்கள் கூடினார்கள். கடைகள் அடைக்கப்பட்டன. பணியாவிட்டால் ஊரைவிட்டு வெளியேற்றுவோம் என்று கம்பெனி தண்டோரா போட்டு மிரட்டியது. கடைகள் திறந்தன. ஆனால் இப்படி வரி வசூலித்துக் காலம் தள்ள முடியாது என்பது லண்டனுக்கும் உறைத்திருக்க வேண்டும்.

அப்போது கம்பெனியை ஆட்டிவைத்தவர் சர் ஜோசயா சைல்டு. பெரும் பணக்காரர், இரண்டாம் ஜேம்ஸ் மன்னருக்கு நெருக்கமானவர். மதராஸுக்கு ஒரு மாநகராட்சி அமைத்துவிட்டால் என்ன என்ற யோசனை உருவானது. இயக்குநர்கள் சொன்ன காரணம் இன்றைக்கும் எந்த வருவாய் அலுவலகச் சுவரிலும் எழுதிவைக்கத் தக்கது: நாம் அதிகாரத்தால் பிடுங்கும் ஆறு பென்ஸைவிட, தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொள்ளும் ஐந்து ஷில்லிங்கை மக்கள் மனமுவந்து கொடுப்பார்கள் என்பது அவர்கள் கணக்கு. ஐந்து ஷில்லிங் என்றால் ஆறு பென்ஸைப் போலப் பத்து மடங்கு. சைல்டு வாழ்நாளில் ஒரு வீட்டு வாசலில் நின்று வரி கேட்டிருக்க மாட்டார் என்று இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

1687 டிசம்பர் 30 தேதியிட்டு சாசனம் வெளியானது. அதில் எந்த முத்திரை விழ வேண்டும், மன்னருடையதா கம்பெனியுடையதா என்று மன்னர் முன்னிலையிலேயே பேச்சு நடந்திருக்கிறது. கம்பெனி முத்திரைதான் என்று முடிவாயிற்று. இந்தியாவில் யாரும் கம்பெனியைத் தாண்டி நேராக மன்னரிடமிருந்து அதிகாரம் பெற்றதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது சைல்டின் கவலை. சுயாட்சியைக் கொடுத்த கையே கயிற்றையும் பிடித்துக்கொண்டது.

சாசனத்தின்படி ஒரு மேயர், பன்னிரண்டு ஆல்டர்மேன்கள், அறுபதோ அதற்கு மேலோ பர்ஜெஸ்கள். ஆல்டர்மேன் என்றால் மூத்த மன்ற உறுப்பினர், பர்ஜெஸ் என்றால் நகரப் பிரதிநிதி என்று வைத்துக்கொள்ளலாம். மேயரும் குறைந்தது மூன்று ஆல்டர்மேன்களும் ஆங்கிலேயக் கம்பெனி ஊழியர்களாக இருக்க வேண்டும். மற்றவர்கள் எந்த இனத்தவராகவும் இருக்கலாம். எனவே முதல் பட்டியலில் போர்த்துகீசியர் இருந்தார்கள். வைரமும் பவளமும் வியாபாரம் செய்த யூதர்கள் இருந்தார்கள். சின்ன வெங்கடாத்ரி, முத்து வீரண்ணா, ஆலங்காத்த பிள்ளை என்று இந்து வணிகர் மூவரும் இருந்தார்கள். 1688இல், லண்டனிலேயே ஒரு யூதர் ஆல்டர்மேன் ஆக முடியாத காலத்தில், இங்கே இவர்கள் ஒரே மேசையில் அமர்ந்தார்கள் என்பது சாதாரணமில்லை. அதற்காக உருகிப்போகவும் வேண்டாம். யாரும் ஓட்டுப் போட்டு இவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. கம்பெனி பெயர் குறிப்பிட்டு நியமித்தது. மூன்று இந்து ஆல்டர்மேன்களும் கம்பெனியோடு கொடுக்கல் வாங்கல் உள்ள பெருவணிகர்கள். ஊரில் யாருக்குச் செல்வாக்கு இருந்ததோ, யார் சொன்னால் நாலு பேர் வரி கட்டுவார்களோ அவர்களைப் பிடித்துப் போட்டார்கள்.

பதவியேற்பு நாள் ஊர்வலத்தை மட்டும் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். செப்டம்பர் 29 கிறிஸ்தவர்களுக்குப் புனித மிக்கேல் திருநாள். மேயரும் ஆல்டர்மேன்களும் மதராஸ் புழுக்கத்தில் கருஞ்சிவப்பு அங்கி போட்டுக்கொண்டார்கள். பர்ஜெஸ்களுக்கு வெள்ளைப் பட்டு. மேயருக்கு முன்னால் செங்கோல் தாங்கிச் செல்ல ஆட்கள், தலைக்கு மேல் குடை பிடிக்க அனுமதி. லண்டன் மேயரின் பவிசு அத்தனையும் உண்டு. விருந்தை முடித்துவிட்டு நகர மண்டபத்துக்கு நடந்தார்கள்.

முதல் மேயர் நதானியேல் ஹிக்கின்சன், அப்போதைய ஆளுநர் எலிஹு யேல் இருவருமே அமெரிக்க மண்ணில் பிறந்தவர்கள். ஹிக்கின்சன் கனெக்டிகட்டில் பிறந்து ஹார்வர்டில் படித்தவர். யேல் பாஸ்டனில் பிறந்தவர், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவர். பின்னால் யேல் இருந்த ஆளுநர் நாற்காலியில் ஹிக்கின்சனே உட்கார்ந்தார்.

புதிய மன்றம் செய்ய வேண்டிய வேலைகளைப் படித்தால் எனக்குச் சொந்த அலுவலகத்தின் கோப்பைப் புரட்டுவது போலிருக்கும். நகர மண்டபம், சிறை, சாக்கடை, சாலை. இந்தியக் குழந்தைகள் ஆங்கிலம் பேசவும் எழுதவும், கணக்கும் வணிகக் கணக்கேடும் கற்கவும் ஒரு பள்ளிக்கூடம், அதன் வாத்தியாருக்குச் சம்பளம். இவ்வளவுக்கும் பணம் வரியாக வர வேண்டும். கூடவே மேயரும் ஆல்டர்மேன்களும் சேர்ந்து நீதிமன்றமாகவும் அமர்ந்து வழக்குத் தீர்த்தார்கள்.

நீதிமன்றம் ஓடியது, வரி வரவில்லை. சைல்டின் ஐந்து ஷில்லிங் கணக்கு மதராஸில் பலிக்கவில்லை. தெருவில் யாரும் அந்த மன்றத்தைத் தங்களுடையது என்று நினைக்காததில் வியப்பில்லை. வீட்டு வாசலில் எத்தனையோ தரம் நான் கேட்ட கேள்வி இது: "ரோடு போட்டீங்களா, தண்ணி விட்டீங்களா, எதுக்கு சார் வரி?" 1690களின் பிளாக் டவுனில் அதைத் தெலுங்கிலும் தமிழிலும் கேட்டிருப்பார்கள். கையில் காசில்லாத மன்றம் மெல்ல மெல்ல வெறும் நீதிமன்றமாகவே சுருங்கியது. 1726இல் மன்னர் சாசனம் வந்து, மதராஸ், பம்பாய், கல்கத்தா மூன்றுக்கும் மேயர் நீதிமன்றங்களை அமைத்தது. ஆல்டர்மேன்கள் ஒன்பது பேர், அதில் ஏழு பேர் பிரிட்டிஷ் குடிகளாக இருக்க வேண்டும். சின்ன வெங்கடாத்ரி உட்கார்ந்த நாற்காலி அத்தோடு போயிற்று. 1798இல் அந்த நீதிமன்றமும் போனது.

இங்கே ஒரு இடைச்செருகல். லண்டனுக்கு அடுத்தபடியாக உலகிலேயே பழைய மாநகராட்சி நம்முடையதுதான் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். இங்கிலாந்திலேயே சாசனம் பெற்ற பழைய ஊர்கள் டஜன் கணக்கில் உண்டு. நியூயார்க்கும் ஆல்பனியும் 1686இலேயே சாசனம் வாங்கிவிட்டன. இந்தியாவில் மூத்தது என்று சொல்லலாம். அந்தப் பெருமையே தாராளம்.

இந்தியர்கள் மறுபடி உள்ளே வந்ததும் வரி ரசீது வழியாகத்தான். 1878 சட்டம் 32 கமிஷனர்களில் பாதிப் பேரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுக்கலாம் என்றது. 1884இல் தேர்ந்தெடுக்கப்படுவோர் எண்ணிக்கை 24 ஆயிற்று. உள்ளாட்சிக்கு 1882இல் வழிதிறந்த ரிப்பன் பிரபுவின் பெயர்தான், 1913இல் திறக்கப்பட்ட எங்கள் தலைமை அலுவலகமான வெள்ளை மாளிகைக்கு.

சாசனத்தில் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தை நான் மறக்கவில்லை. 1920இல் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்க மன்றம் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு. பின்னால் தமிழ்நாடு முழுக்கப் பரவிய மதிய உணவுக்கு முன்னோடி, ஊர்க்காரர்கள் கட்டிய வரியில் வெந்த அந்தச் சோறுதான். வரி கேட்டுப் போகும் இளம் ஊழியர்களிடம் இந்தக் கதையைச் சொல்லி அனுப்புவது என் வழக்கம்.

மேயர் என்ற பதவி 1933இல் திரும்ப வந்தது. ராஜா சர் முத்தையா செட்டியார் அந்த வரிசையில் முதல்வர். 1957இல் தாரா செரியன் முதல் பெண் மேயர். 1973இல் மன்றத்தையே கலைத்தார்கள். 1996 வரை தேர்தல் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்தது அந்த இடைவெளியில்தான். கவுன்சிலர் என்று ஒருவரைப் பார்க்காமலே எங்களில் பலர் பதவி உயர்வு வாங்கினோம். எல்லாம் தனி அலுவலரின் கையெழுத்தில் நடந்தது. வேலை சுலபம், ஒத்துக்கொள்கிறேன்: இந்தத் தெருவுக்கு ஏன் இவ்வளவு வரி என்று எங்களை நிறுத்திக் கேட்க யாரும் இல்லை. ஆனால் குழாய் உடைந்தால் வீட்டுக்காரருக்கும் போய் நிற்க ஒரு வாசல் இல்லை.

2016 முதல் 2022 வரை மறுபடி மன்றம் இல்லை. அந்த ஆண்டுகளில் அரையாண்டு நோட்டீஸ் மட்டும் ஒரு தடவை கூட நிற்கவில்லை. 2018இல் மன்றம் இல்லாமலே சொத்து வரி உயர்ந்தது. கூச்சல் கிளம்பி 2019 நவம்பரில் நிறுத்திவைத்தார்கள். 2022இல் தேர்தல் நடந்து, 200 வார்டுகளுக்கும் உறுப்பினர்கள் வந்து, ஆர். பிரியா மேயரான பிறகு, மறுபடி வரி உயர்வு வந்தது. இந்தத் தடவை அது மன்றத்துக்கு வந்துதான் நிறைவேறியது. எனக்கும் உயர்ந்தது, நானும் முணுமுணுத்துக்கொண்டே கட்டினேன். ஆனால் என் வார்டு உறுப்பினரை வழியில் மறித்து, நீங்கள் எந்தப் பக்கம் நின்றீர்கள் என்று கேட்க முடிந்தது.

அதனால் ஆகஸ்டில் நடை வைக்கும் இளைஞர்களிடம் ஒரு யோசனை சொன்னேன். செப்டம்பர் 29 அன்று ரிப்பன் மாளிகை மன்றக் கூடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடச் சொல்லிக் கேட்போம். 1688இன் பட்டியலையும் இன்றைய பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுவோம். போன அரையாண்டு வசூலான வரி எந்த வார்டில் எதற்குச் செலவானது என்று ஒரு பலகையில் எழுதிப் போடுவோம்.

"நல்லாத்தான் இருக்கு சார். ஆனா வரி ஆபீசைச் சுத்திப் பாக்க யாரு சார் வருவாங்க?" என்றான் ஒரு பையன்.

பாக்கி வைத்திருப்பவர்கள் வர மாட்டார்கள், அது எனக்கும் தெரியும். கட்டியவர்கள் ரசீதோடு வரட்டும்.