பாட்டு மட்டும் போதுமா, பாடியவன் பெயர் வேண்டாமா?

பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் சாவு விழுந்தால் விடிய விடியக் கானா நடக்கும். செத்தவர் பெயர், பார்த்த வேலை, விட்டுப்போன பிள்ளைகள், அடைக்காத கடன் எல்லாம் டோலக் அடியில் அங்கேயே பாட்டாகும். யாரும் எழுதிவைப்பதில்லை. மயிலாப்பூர் சபாக்கள் அரை மணி நடைதான். மார்கழிக் கச்சேரிப் பட்டியலில் இந்தப் பாட்டைத் தேட வேண்டாம்.

சினிமா தேடி வந்தது. மெட்டை எடுத்துக்கொண்டு, 'நாட்டுப்புறப் பாடல்' என்று போட்டுவிட்டுப் போனது. நாட்டுப்புறம் என்றால் ஆசிரியர் இல்லை. ஆசிரியர் இல்லையென்றால் யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். எவ்வளவு வசதியான சொல்!

2018 ஜனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் கானாக் கலைஞர்கள் கோட்டு சூட்டோடு, தங்கள் பெயரோடு மேடையேறினார்கள். அந்தக் குழுவின் அறிவு, தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து எழுதியது 'என்ஜாயி எஞ்சாமி'. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அந்தப் பாடலையும் 'நீயே ஒளி'யையும் முன்வைத்து அட்டைப்படம் போட்டது. இரண்டிலும் அறிவின் எழுத்து உண்டு. அட்டையில் தீ இருந்தார், ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார், அறிவு இல்லை. அவர்கள் திறமையை நாம் குறை சொல்லவில்லை. இயக்குநர் பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார், கண்டனம் பரவியது, பிறகுதான் அறிவுக்குத் தனி அட்டை வந்தது.

பெயர் வந்தால் மட்டும் போதுமா? அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் ஆர்தர் கிரடப் 1946இல் 'தட்ஸ் ஆல் ரைட்' என்ற தன் பாட்டைப் பதிவுசெய்தார். 1954இல் எல்விஸ் பிரெஸ்லியின் முதல் இசைத்தட்டு அதே பாட்டுதான். தட்டில் கிரடப் பெயர் இருந்தது. பணம் வேறு கைகளுக்குப் போனது. அவர் கூலி வேலை பார்த்துப் பிழைத்தார். வழக்கறிஞர்களோடு அலைந்தும் முழு ராயல்டியைக் காணாமலே 1974இல் இறந்தார்.

இங்கே 2012 திருத்தத்துக்குப் பிறகு பதிப்புரிமைச் சட்டம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டி பெறும் உரிமையை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தாலும் செல்லாது என்கிறது. ஆனால் பாட்டு யாருடையது என்று காட்டியாக வேண்டுமே? அதனால் குப்பத்துத் தம்பிகளிடம் நாம் கேட்பது இதுதான்: பாட்டைப் புதிதாகக் கட்டியதும் பெயரும் தேதியும் சொல்லிச் செல்போனில் பதிந்து வையுங்கள். ஸ்டுடியோவில் காகிதம் நீட்டினால், ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.