அரை மில்லிமீட்டர் பிடி

குறி தவறினால் அனுபவமுள்ள துப்பாக்கிச் சுடும் வீரர்கள் கண்ணைக் குறை சொல்வதில்லை, விரலைத்தான் சொல்வார்கள். விசை கனமாக இருந்தால் அதை இழுக்கும்போதே குழல் அசைந்துவிடும். அதனால் அமெரிக்காவில் பலர் துப்பாக்கியைப் பட்டறைக்குக் கொண்டுபோய் விசையை இலகுவாக்கிக்கொள்கிறார்கள். அங்கே அதற்குப் பெயர் ‘ட்ரிகர் ஜாப்’.

ஜான் பிரவுனிங் வடிவமைத்து, 1911இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட கைத்துப்பாக்கியைப் பாருங்கள். பின்புறம் மடங்கி நிற்பது சுத்தியல். நம் பழைய ஆட்கள் ‘குதிரை’ என்பார்களே, அதுதான். அதன் அடியில் இரண்டு கொக்கிகள். ‘சியர்’ என்ற சிறிய எஃகுத் துண்டின் மூக்கு அவற்றில் மாட்டிக்கொண்டு, ஸ்பிரிங் தள்ளும் சுத்தியலை நிறுத்திவைக்கிறது. விசையை இழுத்தால் மூக்கு விலகும், சுத்தியல் பாயும், தோட்டா வெடிக்கும்.

போட்டித் துப்பாக்கிகளில் அந்தக் கொக்கியின் உயரம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். உங்கள் ஏடிஎம் அட்டை அதைவிடத் தடிமன்!

அதையும் கொஞ்சம் அரத்தால் தேய்த்தால் விசை இன்னும் இலகுவாகும். ஆசை அங்கேதான் வருகிறது, ஆபத்தும் அங்கேதான். ஒவ்வொரு முறை சுட்டதும் மேலே உள்ள ஸ்லைடு பின்னே போய், வேகமாக முன்னே வந்து மோதும். பிடி போதாவிட்டால் அந்த அதிர்ச்சியிலேயே மூக்கு நழுவும். அரைவழியில் சுத்தியலைப் பிடிக்க இன்னொரு வெட்டு உண்டு. அதுவும் கைவிட்டால் துப்பாக்கி தானாகவே அடுத்த குண்டைச் சுடும். முதல் குண்டின் உதைப்பில் குழல் மேல்நோக்கி எழும்பியிருக்கும் நேரம் அது. குண்டு தடுப்பு மேட்டைத் தாண்டிப் போகலாம்.

உயரத்தைவிடக் கோணம் முக்கியம் என்பேன். சரியான கோணத்தில், விசையை மெதுவாக இழுக்கும்போது சுத்தியல் மயிரிழை பின்னுக்குப் போகும். பாதியில் விட்டால் மூக்கு பழைய இடத்துக்குத் திரும்பும். கோணம் தலைகீழானால், சுத்தியலின் ஸ்பிரிங்கே மூக்கை வெளியே தள்ளும். இரண்டு கொக்கிகளிலும் மூக்கு சமமாகப் படிகிறதா என்று பார்க்க, மார்க்கர் மை பூசி, மை எங்கே உரசியிருக்கிறது என்று பூதக்கண்ணாடியில் பார்ப்பார்கள். சில பாகங்களில் கடினமான உலோகம் மேல்தோலாக மட்டுமே இருக்கும். அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் முதல் நாள் எல்லாம் அருமையாக இருக்கும். சுடச் சுட மெல்லிய உலோகம் தேய்ந்து கோணம் மாறிவிடும்.

போட்டி விதிகளும் இதற்கு வரம்பு வைத்திருக்கின்றன. ஒலிம்பிக் 25 மீட்டர் பிஸ்டலில் விசை குறைந்தது 1,000 கிராம் எடையைத் தாங்க வேண்டும். பிஸ்டலை நிமிர்த்தி, விசையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள்.

பட்டறையிலும் சோதனை உண்டு. காலித் துப்பாக்கியின் சுத்தியலை மடக்கி, பெருவிரலால் முன்னே அழுத்துவார்கள், விழக் கூடாது. பிறகு சுடுதளத்தில் முதல் முறை நிரப்புவது இரண்டே தோட்டாக்கள். தானாகச் சுட்டாலும் ஒன்றோடு நிற்குமே!