செருப்புத் திருடன் பிடிபட்டான்! வயது 10 வாரம்!!
குட்டி நாய்தானே என்று அலட்சியம் வேண்டாம்

(நமது நிருபர்)

காத்திவாக்கம், ரெயில் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன சந்து. அங்கே ஒரு வாரமாக ஒரே பரபரப்பு. இரவு வாசலில் விட்ட செருப்பு காலையில் இல்லை. இருந்தாலும் வார் இல்லை.

முதலில் பழைய இரும்பு பொறுக்கும் பையன்கள் மீது சந்தேகம். அப்புறம், குடித்துவிட்டு லேட்டாக வரும் ஒரு ஆசாமி மீது சந்தேகம். ஆளுக்கு ஆள் முறைத்துக்கொண்டார்கள். கடைசியில், வாசல் தெளிக்க விடியற்காலையில் எழுந்த ஒரு அம்மாள் திருடனைக் கண்டுபிடித்தார். கையும் களவுமாக அல்ல, வாயும் செருப்புமாக!

பெயர் மணி. வயது 10 வாரம். செவலை நிறம். கால்கள் நாலு.

சிரித்துவிட்டுப் போகிற செய்திதான். ஆனால் நிருபர் அந்த வீட்டுக்குப் போனபோது கண்ணில் பட்டது வேறு. அந்த வீட்டுப் பையனுக்கு வயது 8. அவன் வலது கையில் 4 கீறல். ரத்தம் வரவில்லை, தோல் மட்டும் உரிந்திருந்தது. அதன்மேல் மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பியிருந்தது.

"இது இன்னா ஆயா?" என்று கேட்டதற்கு, மீன் விற்றுவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டி கூறியதாவது:-

"குட்டிப்பா அது. விளையாட்டா பல்லு பட்டுச்சி. அதுக்குப் போயி ஆஸ்பத்திரியா? தொப்புள சுத்தி 14 ஊசி போடுவாங்கோ. எங்க அண்ணன் பட்ட பாடு எனக்குத் தெரியும் தம்பி."

பையனின் அப்பா ஒப்பந்தத் தொழிலாளி. அவர் வேறு முடிவு எடுத்திருந்தார். "ஞாயித்துக்கெழம முகத்துவாரத்தாண்ட கொண்டுபோயி வுட்டுடப் போறேன் சார். செருப்பு வாங்கியே மாளல" என்றார். இதைக் கேட்டதும் பையன் அழ ஆரம்பித்தான்.

ஆக, ஒரு சின்னப் பல்லால் 2 உயிருக்கு ஆபத்து. ஒன்று பையன். இன்னொன்று மணி. இரண்டையும் காப்பாற்றலாம். எப்படி?

தொப்புள் ஊசி இப்போது இல்லை

ஆயா சொன்னது பொய் அல்ல. பழைய கதை. முன்பெல்லாம் செம்மறி ஆட்டு மூளையில் தயாரித்த மருந்துதான் நம் ஊரில் நாய்க்கடிக்கு. அதைத்தான் வயிற்றில், நாள் தவறாமல் போட்டார்கள். அந்த மருந்து தயாரிப்பது 2004-ம் ஆண்டோடு இந்தியாவில் நின்றுபோனது.

இப்போது அரசு ஆஸ்பத்திரியில் ஊசி தோளில்தான். முதல் நாள், 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள் என 4 தடவை போனால் போதும். காசு கிடையாது. ரத்தம் வந்த காயமாக இருந்தால் காயத்திலேயே தனி மருந்தும் போடுவார்கள். ஸ்டான்லி வரை போக முடியாதவர்கள் பக்கத்தில் உள்ள சுகாதார நிலையத்துக்குப் போகலாம்.

அதற்கு முன்பு வீட்டிலேயே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பல் பட்ட இடத்தைச் சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் கூடாது.

"குட்டிக்கு வெறி நோய் ஏது?" என்று கேட்கிறார்கள். தெரு நாய் போட்ட குட்டி எங்கே, எதனிடம் கடிபட்டது என்று யாருக்குத் தெரியும்? குட்டிக்கு வெறிநாய்த் தடுப்பூசி போடுவதே 3 மாத வயதில்தான். அது அதிகமாகக் கடிக்கிற வயதும், அதற்கு ஊசி போடாத வயதும் ஒன்றாக இருக்கிறது. வெறி நோயோ, அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாக உயிரை எடுத்துவிடும் நோய். அதனால் குட்டி என்று பார்க்காதீர்கள்.

ஏன் கடிக்கிறது?

குட்டிக்குக் கை கிடையாது. எதையும் வாயால்தான் தொட்டுப் பார்க்கும். 3 வாரத்தில் இருந்து பால் பல் முளைக்கும். மொத்தம் 28. ஒவ்வொன்றும் ஊசி மாதிரி. 4 மாத வாக்கில் அவை விழுந்து, 7 மாதத்துக்குள் 42 பல் வந்துவிடும். அந்தச் சமயத்தில் ஈறு குறுகுறுக்கும். செருப்பு, கட்டில் கால், துடைப்பம் எல்லாம் அதற்கு ஒன்றுதான்.

கூடப்பிறந்த குட்டிகளோடு விளையாடும்போது ஒன்று பலமாகக் கடித்தால் மற்றது 'கீச்' என்று கத்தும். உடனே விளையாட்டு நின்றுவிடும். 'இவ்வளவு கடித்தால் ஆட்டம் போச்சு' என்று குட்டி கற்றுக்கொள்வது அங்கேதான். 8 வாரம் ஆகும் முன்பே தாயிடம் இருந்து தூக்கி வந்துவிட்டால் அந்தப் பாடம் பாதியில் நின்றுவிடும். மீதிப் பாடத்தை வீட்டுக்காரர்தான் நடத்த வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

கால்நடை டாக்டர்கள் சொல்லும் வழி வருமாறு:-

கடித்தால் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஓடுவதைத் துரத்துவது நாயின் குணம். இழுத்தால் இன்னும் கவ்வும். கையை அசைக்காமல் வைத்து, 'வேண்டாம்' என்று ஒரே ஒரு தடவை அழுத்திச் சொல்லுங்கள். விட்டதும் எழுந்து திரும்பி நில்லுங்கள். அரை நிமிடம் அதோடு பேச்சு இல்லை. பிறகு, கடிக்கக்கூடிய ஒரு பொருளைக் கொடுத்து விளையாடுங்கள். கையை நக்கினால் தட்டிக்கொடுங்கள்.

நனைத்து முறுக்கிய துணி, முடிச்சுப் போட்ட தடித்த பருத்திக் கயிறு, பெரிய காரட் கொடுக்கலாம். பக்கத்தில் ஆள் இருக்கும்போதுதான் கொடுக்க வேண்டும். நூல் பிரிந்தால் எறிந்துவிடுங்கள்.

வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். அம்மா 'வேண்டாம்' என்று சொல்லி, அண்ணன் லுங்கியை ஆட்டி விளையாட்டுக் காட்டினால் குட்டி யார் பேச்சைக் கேட்கும்?

இன்னொன்று. குட்டி ஒரு நாளில் 18 மணி நேரம் வரை தூங்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து தூங்கவிடாமல் தூக்கித் திரிந்தால், களைத்துப்போய் மேலும் கடிக்கும்.

என்ன செய்யக் கூடாது?

அடிக்கக் கூடாது. வாயை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. வாயில் மிளகாய்த்தூள் தடவக் கூடாது. அடி வாங்கிய குட்டி, 'கை வந்தால் அடி வரும்' என்று பழகிவிடும். வளர்ந்த பிறகு தடவிக்கொடுக்க வரும் கையையும் அது கடிக்கும். அப்போது அது பால் பல் அல்ல.

பெரிய நாயின் பல் என்ன செய்யும் என்பதைச் சென்னை பார்த்திருக்கிறது. 2024-ம் ஆண்டு மே மாதம் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை 2 ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. நாயின் சொந்தக்காரர் கைதானார்.

பழைய செருப்பைக் கடிக்கக் கொடுப்பதும் தப்பு. பழசு எது, புதுசு எது என்று குட்டிக்கு என்ன தெரியும்? காலையில் கடித்த செருப்புக்குச் சாயங்காலம் திட்டுவதும் வீண். எதற்குத் திட்டு என்று அதற்குப் புரியாது. செருப்பை மேலே எடுத்து வைப்பதே வழி.

குப்பத்துப் பக்கம் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வலை நூல், தூண்டில் முள், மீன் முள், வேகவைத்த கோழி எலும்பு எதுவும் குட்டிக்கு எட்டக் கூடாது. நைலான் நூலை விழுங்கினால் குடலில் சிக்கி உயிர் போகலாம். விழுங்கிவிட்டால் வெளியே தெரியும் நூலைப் பிடித்து இழுக்காமல், வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கொண்டுபோய் விட்டால் குற்றம்

வளர்த்த நாயைக் கொண்டுபோய் எங்கேயாவது விட்டுவிடுவது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள். முகத்துவாரத்தில் விட்ட குட்டி என்ன ஆகும்? செத்துப்போகும். பிழைத்தால், ஊசி போடாத இன்னொரு தெரு நாய். அது கடிக்கப்போவதும் ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளையைத்தான்.

காத்திவாக்கம் தனி நகராட்சியாக இருந்து, 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் எடுக்க வேண்டும் என்பது இங்கேயும் பொருந்தும். அதற்குத் தடுப்பூசிச் சான்று அவசியம்.

தீர்ப்பு

அன்று மாலையே பையன் குழாயடியில் கை கழுவிக்கொண்டு, அப்பாவின் மோட்டார் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குப் போனான். திரும்பி வந்தவன் தோளைக் காட்டினான்.

"தொப்புள்ல போடலியா?" என்று ஆயா 2 தடவை கேட்டார்.

"இல்ல ஆயா. எறும்பு கடிச்ச மாரிதான் இருந்திச்சி."

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க அண்ணனுக்கு இது இல்லாம போச்சே" என்றார்.

மணியின் நாடு கடத்தல் உத்தரவு ரத்து செய்யப்பட்டது. தடுப்பூசி போட இன்னும் 2 வாரம் கெடு. சந்தில் இப்போது எல்லா வீட்டுச் செருப்பும் ஜன்னல் மேலே இருக்கிறது.