யோயோவை விட அட்டை முக்கியம்

ஒரு பழைய பிளாஸ்டிக் யோயோவை மட்டும் கையில் கொடுத்து "இது எந்த வருஷம்?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் சொல்ல முடியாது. இரண்டு வட்டு, நடுவில் ஒரு அச்சு, ஒரு நூல், அவ்வளவுதான். பிரிக்காத அட்டையோடு கிடைத்தால் கதையே வேறு. எங்க தொழில் பாஷையில் சொன்னால், அட்டைதான் மெட்டாடேட்டா. பள்ளிப்பட்டு பக்கம் பழைய ஃபேன்சி ஸ்டோர் எதில் நுழைந்தாலும் நான் முதலில் திருப்பிப் பார்ப்பது அட்டையின் பின்பக்கத்தைத்தான்.

இந்திய அட்டையில் தேட வேண்டியவை:

1. பின்கோடு: 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது. முகவரியில் அந்த ஆறு இலக்கம் இருந்தால் அட்டை அதற்குப் பிந்தையது. முதல் இலக்கம் 6 என்றால் நம்ம தெற்குப் பக்கம். 1 என்றால் டெல்லி பக்கம்.

2. விலை: 'எல்லா வரிகளும் உட்பட' என்ற எம்.ஆர்.பி. முறை 1990-ல் வந்தது.

3. ஊர்ப்பெயர்: ஆங்கிலத்தில் 'மெட்ராஸ்' போய் 'சென்னை' என்று இருந்தால் அநேகமாக 1996-க்குப் பிறகு.

4. பார்கோடு: 890 என்று தொடங்கினால் இந்தியப் பதிவு. அதுவும் 1990-களின் சரக்குதான்.

ஒன்றைக் கவனிங்க. இவை 'இதற்கு முன்பு இல்லை' என்று மட்டுமே சொல்லும். பின்கோடு இல்லாததால் அட்டை 1972-க்கு முந்தையது என்று ஆகிவிடாது. அச்சடித்து மிஞ்சிய அட்டையைப் பல வருஷம் ஓட்டியிருக்கலாம்.

அமெரிக்க அட்டைக்கும் இதே கணக்குதான். அங்கே 'யோயோ' என்ற சொல்லே டங்கன் கம்பெனியின் வணிகப் பெயராக இருந்தது. மற்றவர்கள் 'திரும்பி வரும் பம்பரம்' என்கிற மாதிரி ஏதாவது போட்டுத்தான் விற்றார்கள். 1965-ல் அது பொதுச்சொல் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1968-ல் டங்கன் பெயரை ஃப்ளாம்போ கம்பெனி வாங்கியது. ஆக, டங்கன் அட்டையில் உரிமையாளராக ஃப்ளாம்போ பெயர் இருந்தால் அது 1968-க்குப் பிறகுதான்.

சரி, பிரிக்காமலே வைத்திருக்கலாமா? இங்கேதான் சிக்கல். மெல்லிய பிவிசி கவரை வளைய வைக்க ஒரு எண்ணெய்ப் பொருள் சேர்ப்பார்கள். அது வருஷக்கணக்கில் மெதுவாகக் கசிந்து, பாலிஸ்டைரீன் யோயோவை இளக்கிப் பிசுபிசுப்பாக்கும். நம்ம ஊர் வெயிலில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். கவர் எண்ணெய் பிடித்த மாதிரி இருந்தால், முன்னும் பின்னும் படம் எடுத்துவிட்டு, கவரைப் பிரித்து, யோயோவைத் தனியாகவும் அட்டையைத் தனியாகவும் வைத்துவிடுவேன். விற்பவருக்கு விலை குறையும். ஆனால் உள்ளே யோயோ உருகிப்போன பிறகு, பிரிக்காத கவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

உங்க வீட்டுப் பரண்ல அட்டையோடு ஒன்று கிடந்தால், தூசி தட்டும் முன் பின்பக்கத்தை ஒரு படம் எடுத்துடுங்க.