கொடைக்கானல் பஸ்ஸை நாளைக்குப் பிடிக்கலாம்!

திண்டுக்கல்லில் ஒரு லாட்ஜில் அறைச் சாவி கொடுக்கும் வேலை எனக்கு. வருபவர்கள் கேட்பது இரண்டே கேள்விதான்: ‘நல்ல பிரியாணி எங்கே? கொடைக்கானல் பஸ் எத்தனை மணிக்கு?’ ஊரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன்.

காலை: வெயில் ஏறும் முன் மலைக்கோட்டைக்குக் கிளம்பிவிடுங்கள். நிழல் குறைவு, தண்ணீர் பாட்டில் அவசியம். மதுரை நாயக்கர்கள் 1605-ல் கட்டத் தொடங்கிய கோட்டை, ஹைதர் அலி, திப்பு கைக்குப் போய், 1790-ல் ஆங்கிலேயரிடம் விழுந்தது. நாட்டை இழந்த வேலு நாச்சியார், ஹைதரிடம் உதவி கேட்டு வந்ததும் இங்கேதான். மேலே நின்றால் சிறுமலை கண்ணெதிரே தெரியும்.

இறங்கியதும் பேகம்பூர் பள்ளிவாசல். ஹைதரின் சகோதரி அமீருன்னிசா பேகத்தின் கல்லறை அங்கே இருக்கிறது. ‘பேகம்பூர்’ என்ற பெயரும் அவரால் வந்ததுதான்.

மதியம்: சீரகச் சம்பா பிரியாணி. இதற்கு நான் வழி சொல்ல வேண்டாம், வாசனையே கூட்டிப்போகும்.

மாலை: பூட்டுக் கடை. 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தும், கையால் பூட்டு செய்கிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ‘திண்டுக்கல்லில் செய்ததுதானா?’ என்று கேட்டு, ஒரு மாங்காய்ப் பூட்டு வாங்குங்கள்.

எங்கள் லாட்ஜ் கதவுகளில் தொங்குவதே இப்போது வெளியூர்ப் பூட்டுதான். சாவி கொடுக்கும்போதெல்லாம் அதுதான் எனக்கு உறுத்தும்.